ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் ரெண்டு நாள் லீவுல, கூட்டம் இல்லாம கயாக், பேடில் போர்டு போட நல்ல இடம் எது?

ராமேஸ்வரம் கூட்டம் வேணாம், ரெண்டு நாள்தான் இருக்கு, நீச்சல் ஓரளவு தெரியும், கயாக்குலயோ (துடுப்பு போட்டு ஓட்டுற சின்னப் படகு) பேடில் போர்டுலயோ (நின்னுக்கிட்டே துடுப்பு போடுற பலகை) துடுப்பு போட ஆசைன்னு கேட்டிருக்கீங்க. நான் இந்த ஜில்லாக்காரன்ங்கிறதால ஒண்ண மொதல்ல சொல்லிடுறேன், இங்க எந்த ஊருக்குப் போறதுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி எந்த மாசம் வர்றீங்கன்னு பாக்கணும். மாசம் தெரிஞ்சாதான் காத்து தெரியும், காத்து தெரிஞ்சாதான் எந்தப் பக்கத்துக் கடல்ல எறங்கலாம்னு தெரியும்.

மேப்ப எடுத்துப் பாருங்க. ராமநாதபுரத்துல இருந்து கிழக்க மண்டபம் வரைக்கும் நிலம் கடலுக்குள்ள நீளமா போயிட்டே இருக்கும், அதுக்கு வடக்க இருக்கிறது பாக் விரிகுடா, தெக்க இருக்கிறது மன்னார் வளைகுடா. மண்டபத்துல நின்னா ஒரு கடல்ல இருந்து இன்னொரு கடலுக்கு வண்டியில சில நிமிஷந்தான். அக்டோபர்ல இருந்து ஜனவரி, சில வருஷம் பிப்ரவரி வரைக்கும் வடகிழக்குல இருந்து வாடைக்காத்து அடிக்கும், அப்ப வடக்குக் கடல் கலங்கிப்போயி அலை மோதும், தெக்க அமைதியா கிடக்கும். மே மாசத்துக்கு மேல செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குல இருந்து கச்சான் காத்து, அப்ப அப்படியே தலைகீழா மாறிடும். நடுவுல பிப்ரவரி கடைசில இருந்து ஏப்ரல் வரைக்கும் பெரும்பாலும் ரெண்டு பக்கமுமே நல்லா இருக்கும், உங்களுக்கு தேதிய மாத்த முடியும்னா இந்த நேரத்துக்கே வாங்க. தனுஷ்கோடியில வடக்க அமைதியான பெண்கடல், தெக்க ஆர்ப்பரிக்கிற ஆண்கடல்னு காட்டுவாங்க, ஆனா வாடை மாசத்துல வந்து பாருங்க, வடக்குலதான் போட்டு அடிக்கும்.

இதுல ஒரு ஆபத்து இருக்கு, தயவுசெஞ்சு கவனமா படிங்க. கச்சான் நேரத்துல வடக்குக் கரையில நின்னு பாத்தா தண்ணி ஆடாம அசையாம இருக்கும், ஏன்னா காத்து நமக்குப் பின்னாடி நிலத்துல இருந்து கடலப் பாத்து அடிக்குது. பேடில் போர்டுல ஏறி நின்னா உங்க உடம்பே பாய் மாதிரி ஆயிடும், சிரமமே இல்லாம உள்ள போயிட்டே இருப்பீங்க, திரும்பி வரும்போதுதான் கை விட்டுப்போகும். அதனால கரைய ஒட்டியே, இடுப்பளவு தண்ணியிலேயே போடுங்க, லைஃப் ஜாக்கெட்ட கழட்டாதீங்க, மொதல்ல காத்துக்கு எதிரா போயிட்டு அப்புறம் காத்தோட திரும்புங்க. காலையில ஆறரை ஏழு மணிக்கு எறங்கி வெயில் ஏறுறதுக்குள்ள கரையேறிடுறதுதான் நல்லது, பத்து மணிக்கு மேல காத்தும் ஏறும்.

இப்ப எடம். எனக்கு ரொம்பப் பிடிச்சது காரங்காடு. ராமநாதபுரத்துல இருந்து தொண்டி போற ஈசிஆர்ல தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, உப்பூர் தாண்டி உள்ள போகணும், சின்ன மீனவ ஊர். கோட்டைக்கரை ஆறு கடல்ல கலக்குற எடம், ரெண்டு பக்கமும் அலையாத்திக் காடு. வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து படகும் கயாக்கும் விடுறாங்க, ஊர்க்காரங்களே கூட வருவாங்க. ஆத்துக்குள்ள மரம் மறைச்சிக்கிறதால திறந்த கடல் அளவுக்கு காத்து தொந்தரவு இருக்காது, துடுப்பே பிடிக்காதவங்க கூட பழகிக்கலாம். மோட்டார் போட்டுல போயிட்டு வந்தா பாதிதான் பாத்த மாதிரி, கயாக்குல மெதுவா ஓரமா ஒதுங்குங்க. சேத்துல இருந்து மூச்சுவேர் ஆயிரக்கணக்குல மேல நோக்கி நீட்டிக்கிட்டு நிக்கும், சேத்துக்குள்ள காத்து கிடைக்காததால மரம் அது வழியாதான் மூச்சு விடுது. இலையத் திருப்பிப் பாத்தா அடியில உப்பு பொடிப்பொடியா ஒட்டியிருக்கும், வேர் உறிஞ்சின உப்ப மரம் இலை வழியா வெளிய தள்ளுது, விரலால தொட்டு நாக்குல வச்சா கரிக்கும். என் தங்கச்சி பையன் அதக் கண்டுபிடிச்சதுல இருந்து கரை வர்ற வரைக்கும் ஒவ்வொரு இலையா திருப்பிட்டே வந்தான். முன்கூட்டியே சொல்லி வச்சா நண்டு, மீன்னு ஊர்க்காரங்க சமைச்சுத் தருவாங்க, அன்னன்னைக்கு வலையில விழுந்தது, அதுக்கு மேல என்ன வேணும். வார நாள்ல போங்க, போறதுக்கு முன்னாடி வனத்துறைக்கு ஒரு போன் போட்டு விடுறாங்களான்னு கேட்டுக்குங்க, மழை புயல்னா நிறுத்திடுவாங்க.

ரெண்டாவது நாளைக்கு பிரப்பன்வலசை. ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவுல, உச்சிப்புளி பக்கம், வடக்குக் கடல். ஆழம் குறைவு, ரொம்ப தூரம் நடந்தே போலாம், அதனால பேடில் போர்டு பழக இங்க நல்லா இருக்கும். பக்கத்துல அரியமான், சவுக்குத் தோப்பு நிழலோட அழகான கரைதான், ஆனா ஞாயித்துக்கிழமை வேன் வேனா வந்து எறங்குவாங்க. வாடை மாசத்துல இந்த ரெண்டையும் விட்டுட்டு தெக்க போயிடுங்க.

தெக்கன்னா ராமேஸ்வரம் இருக்கிற பாம்பன் தீவுல குந்துகால், 1897 ஜனவரி 26ல விவேகானந்தர் வந்து எறங்கின எடம், அங்க இருந்துதான் வனத்துறை படகு குருசடைத் தீவுக்குப் போகுது. மன்னார் வளைகுடால 21 தீவு இருக்கு, 1986ல இருந்து கடல்சார் தேசியப் பூங்கா, நம்ம இஷ்டத்துக்கு கயாக்க ஓட்டிட்டுப் போயி எந்தத் தீவுலயும் எறங்கக் கூடாது. யாராவது காசு வாங்கிட்டு கூட்டிட்டுப் போறேன்னா போகாதீங்க, பவளப்பாறை மேல கால வச்சா அது செத்துப்போகும், திரும்ப வளர வருஷக்கணக்குல ஆகும். தனுஷ்கோடி கடைசி முனையான அரிச்சல்முனையில வெறும் வேடிக்கையோட நிறுத்திக்குங்க, அங்க நீரோட்டம் மோசம், குளிக்கவே கூடாது. பெரிய பட்டம் இழுக்க பலகை மேல நின்னு போற கைட் சர்ஃபிங் வேணும்னா தீவுல சொல்லித் தர்றவங்க இருக்காங்க, நமக்கு எதிரியா இருக்கிற காத்துதான் அவங்களுக்கு வேணும், ஆனா ரெண்டு நாள்ல அத கத்துக்க முடியாது.

தங்குறதுக்கு ராமநாதபுரம் டவுனே போதும், காரங்காடும் பிரப்பன்வலசையும் ரெண்டு பக்கமா இருக்கிறதால நடுவுல இருக்கிறது வசதி, ரூம் வாடகையும் தீவ விட கம்மியா இருக்கும். சென்னையில இருந்து சேது எக்ஸ்பிரஸோ போட் மெயிலோ சாயங்காலத்துக்கு மேல ஏறினா மறுநாள் விடியக்காலையில வந்துடலாம். தீவுக்குப் போகலைன்னா ரெண்டாவது நாள் மதியத்துக்கு மேல கையில நேரம் இருக்கும், கீழக்கரை போயிட்டு வாங்க, தெக்குக் கடல் ஓரம், பழைய ஜும்மா பள்ளிவாசலோட கல்தூண் வேலைப்பாட்ட பாக்கணும். அங்க தொதல் விப்பாங்க, தேங்காய்ப்பால் ஊத்தி மணிக்கணக்குல கிண்டுற பலகாரம், கருப்பட்டி போட்டதான்னு கேட்டு வாங்குங்க, சீனி போட்டதுல அந்த ருசி வராது.