குவாண்டம் பிணைப்பைக் கொண்டு ஒளியைவிட வேகமாகப் பங்கு வர்த்தகம் செய்ய முடியுமா?

முடியாது. குவாண்டம் பிணைப்பு என்றால், பிணைந்த இரு துகள்களை எவ்வளவு தூரத்தில் வைத்து அளந்தாலும் விடைகள் ஒன்றோடொன்று தொடர்புடன் இருப்பது. ஏதோ முதலீட்டு விளம்பரத்தைப் பார்த்துவிட்டுத்தான் இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பணம் கட்டிவிடவில்லை என்றால் மேலே படியுங்கள்.

சிகாகோவில் ஒரு வர்த்தக நிறுவனத்தின் நெட்வொர்க் பிரிவில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். சிகாகோவை அடுத்த அரோராவில் ஃபியூச்சர்ஸ் (முன்பேர ஒப்பந்த) சந்தையின் சர்வர்கள் இருக்கின்றன. நாஸ்டாக் பங்குச் சந்தையின் சர்வர்கள் நியூ ஜெர்சியின் கார்ட்டரெட்டில். ஒரு சந்தையின் விலை மாற்றம் மற்றொன்றில் யாருக்கு முதலில் தெரிகிறதோ அவருக்கே லாபம். இடைப்பட்ட சுமார் 1,180 கிலோமீட்டரைக் கடக்க வெற்றிடத்தில் ஒளிக்கே ஒரு வழிக்கு 3.9 மில்லிநொடி ஆகும். 2010இல் ஸ்ப்ரெட் நெட்வொர்க்ஸ் சிகாகோவுக்கும் நியூ ஜெர்சிக்கும் இடையே கூடியவரை நேராகப் பதித்த கண்ணாடியிழைத் தடத்தில், போய்த் திரும்ப ஏறத்தாழ 13 மில்லிநொடி ஆனது. கண்ணாடிக்குள் ஒளியின் வேகம் மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்துவிடும். பின்னர் வந்த மைக்ரோவேவ் கோபுரங்கள் ஒளியின் எல்லையைக் கிட்டத்தட்ட எட்டிவிட்டன. ஆனால் வழியில் எங்காவது கனமழை பிடித்துக்கொண்டால் சிக்னல் நலிந்து, போக்குவரத்து முழுவதும் கண்ணாடியிழைக்குத் திரும்பிவிடும். அந்த மழையை நாங்களே வரவழைத்ததுபோல வர்த்தகர்கள் எங்களைத் தொலைபேசியில் திட்டுவார்கள் என்பது தனிக்கதை.

இந்தச் சூழலில்தான் ஓர் ஆலோசனை நிறுவனத்தார் "பிணைக்கப்பட்ட ஃபோட்டான்கள் (ஒளித்துகள்கள்) மூலம் தாமதமே இல்லாத இணைப்பு" தருவதாக எங்களிடம் வந்தார்கள். அரோராவில் விலை ஏறியது கார்ட்டரெட்டில் இருக்கும் ஃபோட்டானுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். இங்கே அளந்தவுடன் அங்கே மாறிவிடுமே என்றார் வந்தவர். இங்கே அளந்தால் என்ன விடை கிடைக்கும் என்பதை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. அங்கே இருப்பவருக்கும் ஒழுங்கற்ற விடைகளின் வரிசையாகத்தான் அது தெரியும். இரண்டு வரிசைகளையும் சாதாரண வழியில் அனுப்பி ஒப்பிட்ட பிறகே அவற்றுக்கிடையே உள்ள தொடர்பு புலப்படும். இதைச் சொன்னதும் அவர் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார்.

குவாண்டம் ஆய்வையே நான் பழிப்பதாக யாரும் பின்னூட்டத்தில் பாய வேண்டாம். பிணைக்கப்பட்ட ஃபோட்டான்களை வைத்துச் செய்த சோதனைகளுக்காக ஆஸ்பே, கிளவுசர், சைலிங்கர் மூவருக்கும் 2022இல் கிடைத்த நோபல் பரிசு முற்றிலும் தகுதியானது. வர்த்தகத்துக்கும் இதில் நேர்மையான ஒரு பயன் சொல்லப்படுகிறது: இரு நகரங்களிலும் உள்ள சர்வர்கள் ஒன்றையொன்று கேட்டுக்கொள்ள நேரமில்லாமல், தத்தம் உள்ளூர்த் தகவலை மட்டும் வைத்து இசைவாக முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. இத்தகைய நிலையின் எளிய வடிவமான பெல் விளையாட்டில், முன்கூட்டியே பேசிவைத்த எந்தத் திட்டமும் 75 சதவீதத்துக்கு மேல் வெல்லாது. பிணைக்கப்பட்ட ஃபோட்டான்களைப் பகிர்ந்து வைத்திருந்தால் சுமார் 85 சதவீதம் வரை வெல்லலாம். செய்தி எதுவும் கடப்பதில்லை, முடிவுகள் மட்டும் கூடுதலாக ஒத்துப்போகின்றன. ஆய்வாளர்கள் பிராண்டன்பர்கரும் லா முராவும் அதிவேக வர்த்தகத்தையே உதாரணமாக வைத்து இதை எழுதியிருக்கிறார்கள்.

நடைமுறை வேறு. 2017இல் சீனாவின் மிசியஸ் செயற்கைக்கோள், 1,200 கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான தூரத்தில் இருந்த இரு நிலையங்களுக்குப் பிணைக்கப்பட்ட ஃபோட்டான்களை அனுப்பியது. ஏறக்குறைய நம் அரோரா–கார்ட்டரெட் தூரம்தான். இரு முனைகளிலும் சேர்ந்து பதிவானவை நொடிக்குச் சுமார் ஒரு ஜோடி. அந்த ஒரு நொடிக்குள் எங்கள் சர்வர்கள் ஆயிரக்கணக்கான ஆர்டர்களைப் போட்டு, அவற்றில் பெரும்பாலானவற்றை ரத்தும் செய்திருக்கும்.