சிபில் சந்தாவுக்குப் பணம் கட்டலாமா?

நாம் வாங்கிய கடன்களையும் அவற்றைக் கட்டிய விதத்தையும் காட்டும் கடன் அறிக்கையையும், அதை வைத்துக் கணிக்கப்படும் மதிப்பெண்ணையும் தொடர்ந்து கவனித்து, மாற்றம் ஏதேனும் வந்தால் உடனே தெரிவிப்பதாகச் சொல்லும் கட்டணச் சேவைகளுக்கு ஆண்டுச் சந்தா கட்டுவது பயன்தருமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தியாவில் ஒன்றிரண்டு கடன்களையும் ஒரு கிரெடிட் கார்டையும் தவணை தவறாமல் கட்டிவரும் ஒருவருக்கு அது தேவையில்லை என்பதே என் பதில். பணம் கொடுப்பது நியாயமாகிற சூழ்நிலைகள் இரண்டு உண்டு. அவற்றைப் பிறகு சொல்கிறேன். வங்கிக் கிளையொன்றின் கடன் பிரிவில் பணியாற்றியவன் என்ற முறையில், இந்தச் சந்தாவால் கிடைப்பதாக மக்கள் நம்புவதற்கும் உண்மையில் கிடைப்பதற்கும் உள்ள இடைவெளியை நேரில் பார்த்திருக்கிறேன். அதனால்தான் சற்று விரிவாக எழுதுகிறேன்.

இந்தியாவில் கடன் தகவல்களைத் திரட்டி வைத்திருக்க ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்றவை டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க் ஆகிய நான்கு நிறுவனங்கள். 2005ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் இவை இயங்குகின்றன. 2000ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டதால் சிபிலின் பெயரே மதிப்பெண்ணுக்கும் பெயராகிவிட்டது. ஆனால் நீங்கள் சிபிலுக்குச் சந்தா கட்டினால் சிபிலின் பதிவேடு மட்டுமே கண்காணிக்கப்படும். கடன் கொடுக்கும் ஒவ்வொரு நிறுவனமும் நான்கு நிறுவனங்களிலும் உறுப்பினராக இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2015இல் உத்தரவிட்டதால் நான்கிலும் பெரும்பாலும் ஒரே விவரங்கள்தான் இருக்கும் என்றாலும், பிழை ஒன்றில் மட்டும் இருப்பதும் மற்ற மூன்றும் சரியாக இருப்பதும் அபூர்வமல்ல. வங்கி எந்த நிறுவனத்தின் அறிக்கையை எடுத்துப் பார்க்கும் என்பதைத் தீர்மானிப்பது வங்கிதான். மகளிர் குழுக் கடன் போன்ற நுண்கடன் வாங்கியவர்கள் ஹை மார்க் அறிக்கையைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

இனி இலவசமாகக் கிடைப்பது என்ன என்று பார்ப்போம். 2016 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட உத்தரவின்படி, 2017 ஜனவரி முதல் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு தனிநபருக்கும் ஒரு காலண்டர் ஆண்டில் ஒரு முழு அறிக்கையை, மதிப்பெண்ணோடு சேர்த்து, இலவசமாகத் தர வேண்டும். இந்த இலவச அறிக்கைக்கான இணைப்பு சந்தா விளம்பரங்களுக்கு நடுவே தேடிக் கண்டுபிடிக்கும்படி இருந்ததால், இணையதளத்தில் எளிதில் கண்ணில் படும்படி அதை வைக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது. நான்கு நிறுவனங்களிடமும் ஒரே நாளில் கேட்டு வாங்கிவிடாமல், ஜனவரியில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று, ஜூலையில் ஒன்று, அக்டோபரில் ஒன்று என்று பிரித்து வாங்கினால், ஒரு ரூபாய்கூடச் செலவில்லாமல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை உங்கள் கடன் வரலாற்றைச் சரிபார்த்துக்கொள்ளலாம். நம் அறிக்கையை நாமே பார்த்தால் மதிப்பெண் குறைந்துவிடும் என்ற அச்சம் பலருக்கு இருக்கிறது. அப்படிக் குறையாது, கடன் கேட்டு விண்ணப்பிக்கும்போது வங்கி எடுத்துப் பார்ப்பதுதான் விசாரணையாகப் பதிவாகிறது.

சந்தாவின் பெரிய கவர்ச்சி எச்சரிக்கைச் செய்திதான். அதுவும் இன்று பெருமளவு இலவசமாகிவிட்டது. உங்கள் அறிக்கையை ஒரு வங்கியோ நிதி நிறுவனமோ எடுத்துப் பார்க்கும்போது உங்களுக்குக் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ அனுப்ப வேண்டும் என்பது 2023 அக்டோபர் உத்தரவுகளில் ஒன்று. தவணை தவறியதாக உங்கள் பெயரில் தகவல் அனுப்பும்போது கடன் கொடுத்த நிறுவனம் உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்றும் அதே காலத்தில் சொல்லப்பட்டது. இவை உங்களை வந்தடைய, வங்கியிடம் இருக்கும் கைபேசி எண்ணும் மின்னஞ்சல் முகவரியும் இப்போது நீங்கள் பயன்படுத்துபவையாக இருக்க வேண்டும். பழைய எண்ணைக் கைவிட்டு, அதை வங்கியில் மாற்றாமல் விட்டவர்களுக்கு எந்தச் செய்தியும் வராது. கிளைக்குப் போய் எண்ணை மாற்றிவிட்டு வாருங்கள்.

மதிப்பெண்ணை நாள்தோறும் பார்க்கலாம் என்று சில திட்டங்கள் சொல்கின்றன. மதிப்பெண் நாள்தோறும் மாறுவதற்கான தகவலே நாள்தோறும் வருவதில்லை. முன்பு கடன் நிறுவனங்கள் மாதத்துக்கு ஒருமுறை விவரம் அனுப்பிவந்தன. 2025 ஜனவரி 1 முதல் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது அனுப்ப வேண்டும் என்ற விதி வந்தது. 300 முதல் 900 வரையுள்ள அளவில் 771 என்பது 768 ஆனதற்குக் காரணம் தேடி ஒரு மாலைப்பொழுதைச் செலவிடுவதால் யாருக்கும் பயனில்லை. 750ஐத் தாண்டியிருப்பவருக்குப் பெரும்பாலான வங்கிகளில் மதிப்பெண் ஒரு தடையாக இருக்காது.

ஆனால் என்னைப் பொறுத்தவரை இந்தச் சேவைகளின் முக்கியமான குறை வேறு. பிழையைக் காட்டுவது மட்டுமே அவற்றின் வேலை. திருத்துவது அவற்றின் வேலையல்ல. என் சித்தப்பா மகனுக்கு வீட்டுக் கடன் மறுக்கப்பட்டபோது, பதற்றத்தில் உடனே ஓர் ஆண்டுச் சந்தாவைக் கட்டிவிட்டான். மாதந்தோறும் மதிப்பெண் குறைந்திருப்பதாகச் செய்தி வந்தது. அறிக்கையை அச்செடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது, “அண்ணே, பணம் கட்டியாச்சே, அவங்களே சரி பண்ணிடுவாங்கன்னுதான் நினைச்சேன்” என்றான். அறிக்கையில் ஒவ்வொரு கடனுக்கும் கீழே மாத வாரியாகச் சிறு கட்டங்கள் இருக்கும். தவணை எத்தனை நாள் தாமதம் என்பது அந்தக் கட்டங்களில் எண்ணாகப் பதிவாகும். அவனுடைய எல்லாக் கடன்களிலும் 000 என்றே இருந்தது, ஒன்றைத் தவிர. பல ஆண்டுகளுக்கு முன் கட்டி முடித்து, நிலுவையில்லை என்ற சான்றும் வாங்கி, வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் அடமானப் பதிவையும் நீக்கிவிட்ட இருசக்கர வாகனக் கடனில், ஏதோ ஒரு கட்டணம் நிலுவை என்று சில நூறு ரூபாய் நின்றுகொண்டிருந்தது. அந்தக் கட்டங்களில் தாமத நாட்கள் 30, 60, 90 என்று தொடங்கி ஏறிக்கொண்டே போயிருந்தன. சந்தா இந்த ஏற்றத்தை மாதந்தோறும் ஒழுங்காகத் தெரிவித்திருக்கிறது. அதை நிறுத்தியது நிலுவையில்லாச் சான்றின் நகலை இணைத்து நாங்கள் அனுப்பிய புகார்தான். அந்தப் புகாருக்குக் கட்டணம் கிடையாது. சந்தா கட்டாதவரும் அதைச் செய்யலாம்.

புகார் நடைமுறையைத் தெரிந்துகொள்வது சந்தாவைவிடப் பல மடங்கு பயனுள்ளது என்பதால் அதைச் சற்று நிதானமாகச் சொல்கிறேன். அந்தந்தக் கடன் தகவல் நிறுவனத்தின் இணையதளத்திலேயே, எந்தக் கணக்கில் எந்த விவரம் தவறு என்று குறிப்பிட்டுப் புகார் பதியலாம். அந்த நிறுவனம் தானாக எதையும் திருத்தாது. கடன் கொடுத்த வங்கியிடம் கேட்டு, வங்கி ஒப்புக்கொண்டால்தான் மாற்றும். ஆகவே அதே நாளில் கடன் கொடுத்த நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கும் சான்றுகளோடு எழுதிவிடுங்கள். புகார் பதிந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் தீர்வு கிடைக்காவிட்டால், அதன் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். 2023 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட இந்த விதி, ஆறு மாதம் கழித்து 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. கடன் கொடுத்த நிறுவனம் 21 நாட்களுக்குள் திருத்திய விவரத்தை அனுப்பாவிட்டால் இழப்பீடு தரும் பொறுப்பு அதனுடையது. அது அனுப்பியும் வேலை முடியவில்லை என்றால் பொறுப்பு கடன் தகவல் நிறுவனத்துடையது. கோரிக்கையை மறுத்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும். அதற்கும் மசியவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கடன் தகவல் நிறுவனங்களும் 2022 செப்டம்பரிலிருந்து அந்தத் திட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டுவிட்டன. வழிகாட்டலுக்கு 14448 என்ற எண்ணை அழைக்கலாம். இந்த உரிமைகள் ஒவ்வொன்றும் பொதுமக்கள் பட்ட பாட்டின் விளைவாக வந்தவை. அவற்றைப் பயன்படுத்தாமல் விட்டுவிட்டுச் சந்தாவை நம்பி இருப்பவர்களைக் காணும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

ஆங்கிலத்தில் இது குறித்துத் தேடினால் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை அமெரிக்காவுக்கு எழுதப்பட்டவை. 2017இல் ஈக்விஃபாக்ஸ் நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ 14.7 கோடிப் பேரின் விவரங்கள் திருடப்பட்ட பிறகு, தம் கடன் அறிக்கையை யாரும் எடுத்துப் பார்க்க முடியாதபடி முடக்கி வைக்கும் உரிமை 2018 செப்டம்பர் முதல் அங்கே எல்லோருக்கும் இலவசமாகிவிட்டது. அங்கு சந்தா வேண்டாம் என்று சொல்பவர்கள் அந்த முடக்கத்தை நம்பித்தான் சொல்கிறார்கள். நமக்கு அப்படிச் சட்டம் தந்த உரிமை இல்லை. ஆகவே இந்தியாவில் கண்காணிப்புக்குத் தேவை கூடுதல் என்று யாராவது வாதிட்டால் நான் மறுக்கமாட்டேன். அந்தக் கண்காணிப்பை விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டுமா என்பதில்தான் எனக்கு மாறுபட்ட கருத்து.

விலை கொடுப்பது நியாயமாகிற முதல் சூழ்நிலை, அடுத்த சில மாதங்களில் வீட்டுக் கடன் போன்ற பெரிய கடனுக்கு விண்ணப்பிக்க இருப்பது. பிழையைத் திருத்தச் சொல்லிவிட்டு, அது நான்கு இடங்களிலும் மாறிவிட்டதா என்று மீண்டும் மீண்டும் பார்க்க வேண்டியிருக்கும். ஆண்டுக்கு ஒன்று என்ற இலவச அறிக்கை அப்போது போதாது. கால் சதவீத வட்டி வேறுபாடுகூட இருபது ஆண்டுக் கடனில் பெரிய தொகையாகிவிடும் என்பதால் சில நூறு ரூபாய் செலவழிப்பதில் தவறில்லை. நான் கடைசியாகப் பார்த்தபோது சிபிலில் ஒரு மாதத் திட்டம் 550 ரூபாய், ஓர் ஆண்டுத் திட்டம் 1,200 ரூபாய். ஆண்டுத் திட்டம்தான் மலிவு என்று தோன்றும். ஆனால் வீட்டுக் கடன் கிடைத்த பிறகு அந்தத் தளத்துக்குள் யாரும் நுழைந்து பார்ப்பதில்லை என்பதால், தேவையான மாதத்துக்கு மட்டும் வாங்குங்கள்.

இரண்டாவது, உங்கள் பான் எண்ணை யாரோ பயன்படுத்தியிருப்பது தெரிந்துவிட்ட நிலை. 2022 பிப்ரவரியில் தானி என்ற கடன் செயலி வழியாகத் தங்கள் பெயரில் தங்களுக்கே தெரியாமல் கடன் வாங்கப்பட்டிருப்பதாகப் பலர் சமூக ஊடகங்களில் புகார் எழுப்பியது நினைவிருக்கும். கடன் அறிக்கையைத் திறந்து பார்த்தபோதுதான் அவர்களில் பலருக்கே அது தெரிந்தது. ஒருமுறை இப்படி நடந்தவருக்கு மீண்டும் நடக்கக்கூடும் என்பதால் ஓராண்டு முழுவதும் நெருக்கமாகக் கவனிப்பது அவசியம். அதற்கு முன்பாக 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் புகார் கொடுத்து, அந்தப் புகாரின் நகலோடு கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுதுவது முதல் வேலையாக இருக்க வேண்டும்.

இலவச அறிக்கையானாலும் கட்டண அறிக்கையானாலும் எல்லோரும் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். தொடர்பு விவரங்கள் உள்ள பகுதியை வரிவரியாகப் படியுங்கள். மோசடி செய்பவர் உங்கள் பான் எண்ணோடு தன் கைபேசி எண்ணைக் கொடுத்துத்தான் விண்ணப்பிக்கிறார். எச்சரிக்கைச் செய்தி அவருக்கே போகவும் வாய்ப்புண்டு. நீங்கள் ஒருநாளும் வைத்திராத எண்ணோ, குடியிருந்திராத ஊரின் முகவரியோ அங்கே இருந்தால், கடன் பட்டியலில் எதுவும் இல்லாவிட்டாலும் புகார் கொடுங்கள். அடுத்தது விசாரணைகள் பட்டியல்: நீங்கள் போகாத நிறுவனம் உங்கள் அறிக்கையைக் கேட்டிருக்கிறதா என்று அதில் தெரியும். நண்பருக்கோ உறவினருக்கோ ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் அவர்களுடைய கடனும் உங்கள் அறிக்கையில் வரும். திருப்பிவிட்ட நகைக் கடன் இன்னும் முடியாததாகக் காட்டுகிறதா என்பதையும் பாருங்கள். நம் ஊரில் அது அடிக்கடி நடக்கிறது.

மதிப்பெண்ணை இலவசமாகக் காட்டும் கைபேசிச் செயலிகள் மோசமானவை அல்ல. ஆனால் அவற்றுக்கு வருமானம் கடன் விற்பதில் வருகிறது என்பதால், எந்தெந்த அனுமதிகளுக்குச் சம்மதம் கேட்கிறார்கள் என்று படித்துவிட்டு உள்ளே போங்கள். இல்லையென்றால் தனிநபர் கடன் வேண்டுமா என்ற அழைப்புகள் ஓயாது. பணம் கொடுத்தால் சிபில் மதிப்பெண்ணை ஏற்றித் தருகிறோம் என்று சுவரொட்டி ஒட்டுபவர்களிடம் மட்டும் போகவே போகாதீர்கள். உங்கள் ஆதார், பான் நகல்களையும் ஓ.டி.பி.யையும் வாங்கிக்கொண்டு அவர்கள் செய்வது, நீங்கள் இலவசமாகச் செய்யக்கூடிய அதே புகார்ப் பதிவைத்தான். உண்மையான தாமதத்தை யாராலும் அழிக்க முடியாது. ஏற்கெனவே சந்தா கட்டியிருப்பவர்கள், தானாகப் புதுப்பிக்க அட்டையில் அனுமதி கொடுத்திருக்கிறார்களா என்று இன்றே பார்த்து அதை நீக்கிவிடலாம். மீதமுள்ள மாதங்களில் அறிக்கையை இறக்கிச் சேமித்து வைத்துக்கொண்டால் பிறகு ஒப்பிட உதவும்.