புது மாடல் பற்றிய பேச்சு கம்பெனி வியாபாரத்தை எப்படிக் கெடுக்கிறது?

அடுத்து வரப்போகும் சரக்கைப் பற்றிய பேச்சு முன்கூட்டியே வெளியே வந்தால், இன்று கடையில் இருப்பதை வாங்க ஆள் வராது. இதற்கு ஆஸ்போர்ன் விளைவு என்று பெயர். மன்னார்குடிப் பக்கம் குறுவை நேரத்தில் 'விதைநெல்லுக்கு மானியம் வருதாம்' என்று டீக்கடையில் ஒருவர் சொன்னால் போதும், அரசாணையை யாரும் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள், ஆனால் தனியார் விதைக்கடையில் மூட்டை அப்படியே கிடக்கும், கடைக்காரர் முதலாளிக்குக் கட்ட வேண்டிய பணம் மட்டும் நிற்காது. போன் கம்பெனிக்கும் அதே கதிதான். பழைய சரக்கு தேங்கும், விலையைக் குறைக்க வேண்டிவரும், போட்டிக்காரன் வேறு உஷாராகிவிடுவான். புது ஐபோன் பற்றிய செய்திகளால் மக்கள் வாங்குவதைத் தள்ளிப்போடுகிறார்கள் என்று 2017-இல் ஆப்பிள் தலைவர் டிம் குக்கே சொன்னார். ரகசியம் காப்பது இதனால்தான், வெறும் பந்தா இல்லை (கொஞ்சம் பந்தாவும் உண்டு, அது வேறு).

அப்புறம், இந்த விளைவுக்குப் பெயர் தந்த அமெரிக்காவின் ஆஸ்போர்ன் கம்ப்யூட்டர் கம்பெனி 1983-இல் திவாலானதற்கு அடுத்த மாடலை அவசரப்பட்டு அறிவித்தது மட்டுமே காரணம் என்று பலர் எழுதுகிறார்கள். அப்படியில்லை, பெரிய திரையோடு வந்த கேப்ரோ என்ற வேறு கம்பெனி கம்ப்யூட்டரின் போட்டியும் அதை நெருக்கியது.