வாசகர் கேள்விகள்: நியூயார்க் தலைமை நீதிபதி ஜூடித் கே

கேள்வி: அமெரிக்க நீதிபதி என்றாலே வாஷிங்டன் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது பேரைத்தான் சொல்கிறார்கள். மாநில நீதிபதிகளில் உங்களுக்குப் பிடித்தவர் யார்? பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே அந்த உயரத்துக்கு வந்த பெண்கள் உண்டா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: ஜூடித் கே. நியூயார்க் மாநிலத்தின் உச்சபட்ச நீதிமன்றத்தில் 1983-ல் அமர்ந்த முதல் பெண். 1993 முதல் 2008 முடிய அதன் தலைமை நீதிபதி.

போலந்திலிருந்து வந்து குடியேறிய யூதத் தம்பதியின் மகள். மான்டிசெல்லோ என்ற சிற்றூரில் பெற்றோர் துணிக்கடை வைத்திருந்தார்கள். மகளுக்கோ பத்திரிகை ஆசை. கிடைத்தது நியூஜெர்சி நாளிதழ் ஒன்றில் கல்யாணம், விருந்து பற்றி எழுதும் வேலை. நல்ல செய்திகள் எழுத வழி பிறக்கும் என்றுதான் மாலை நேரச் சட்டப் படிப்பில் சேர்ந்தார். 1962-ல் பட்டம் வாங்கியதும் சட்டமே தொழிலாகிவிட்டது.

1964-ல் வழக்கறிஞர் ஸ்டீஃபன் கேயை மணந்தார். மூன்று குழந்தைகள். அவர்கள் சிறுபிள்ளைகளாக இருந்த காலத்தில், தான் படித்த கல்லூரியின் டீனுக்கு உதவியாளராகப் பகுதிநேர வேலை பார்த்தார். பிறகு ஒரு சட்ட நிறுவனத்தில் மறுபடி வக்கீல் தொழில். 1975-ல் அந்த நிறுவனத்தின் முதல் பெண் பங்குதாரர். எட்டு ஆண்டு கழித்து, கீழ்நிலை நீதிமன்றம் எதிலும் நீதிபதியாக இருந்திராத அவரை ஆளுநர் மரியோ குவோமோ நேராக மேலே அமர்த்தினார். வேகம் குறைத்த அந்த ஆண்டுகள் எதையும் தடுக்கவில்லை அம்மா. உங்களுக்கும் அப்படி ஓர் இடைவெளி இருந்தால் அதற்காகக் கலங்காதீர்கள்.

கைக்குழந்தையோடு வாய்தாவுக்கு வரும் தாய்மாரின் பாடும் அவர் கண்ணில் பட்டது. அம்மா கூண்டில் நிற்கும் நேரத்தில் பிள்ளைகள் விளையாடவும் படிக்கவும் நீதிமன்றங்களுக்குள்ளேயே குழந்தைகள் மையங்களை மாநிலம் நெடுகப் பரப்பினார். அவர் செய்ததில் என் மனசுக்கு மிக நெருக்கமானது இதுதான்.

கேள்வி: ஜூரி வேலையிலிருந்து பெரிய மனிதர்கள் நழுவிவிடுவார்கள்தானே?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: ஜூரி என்றால் வழக்கைக் கேட்டு முடிவு சொல்லப் பொதுமக்களிலிருந்து அழைக்கப்படும் குழு. நியூயார்க்கில் ஒரு காலத்தில் நழுவினார்கள். மருத்துவர், வக்கீல், பாதிரியார், சடலம் பதப்படுத்துபவர் என்று பல தொழில்களுக்குச் சட்டமே விலக்கு அளித்திருந்தது. கே வலியுறுத்தி 1996-ல் எல்லாவற்றையும் ஒழிக்க வைத்தார். 1999-ல் நகர மேயர் ஜூலியானியே ஜூரியில் உட்கார்ந்தார்! ஏழைக்கு மட்டும் கடமை, வசதியானவனுக்கு விலக்கு என்பது எந்த ஊரிலும் எனக்குப் பொறுக்காது.

கேள்வி: அவர் எழுதிய தீர்ப்புகளில் எதைச் சொல்வீர்கள்?
- சட்டக் கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: இரண்டு. மணமாகாத துணைவரும், ஒருபாலினத் துணைவரும் தன் இணையின் குழந்தையைத் தத்தெடுக்கலாம் என்று 1995-ல் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதினார். வீட்டில் இரண்டு பேர் வளர்க்கும் பிள்ளைக்குச் சட்டத்திலும் இரண்டு பேர் வேண்டும் என்று குழந்தையின் பக்கம் நின்று யோசித்திருக்கிறார். அடுத்தது 2006. ஒருபாலினத் திருமண உரிமையை அவரது நீதிமன்றம் 4-2 என்று மறுத்தபோது மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். வருங்காலத் தலைமுறைகள் இதை ஒரு சறுக்கலாகவே பார்க்கும் என்றார். 2011-ல் மாநிலச் சட்டமன்றம் அந்த உரிமையைச் சட்டமாக்கியது. 2016 ஜனவரியில் மறைந்த கே அதைக் கண்ணால் பார்த்துவிட்டார். முதலில் 1995 தீர்ப்பை முழுசாகப் படியுங்கள் தம்பி. பத்திரிகைக்காரரின் கை அதில் தெரியும்.