சுகார்த்தோவின் செமராங் கணக்கு

அன்புள்ள ஐயா,

வேலை நிமித்தமாக சில மாதங்களாக இந்தோனேசியாவின் சுரபாயாவில் இருக்கிறேன். இங்கே லாரிகளின் பின்பக்கத்தில் ஒரு பெரியவரின் சிரித்த முகத்தைப் பார்க்கிறேன். பக்கத்தில் ஜாவா மொழியில் "எப்படி இருக்கீங்க? என் காலம்தானே நல்லா இருந்துச்சு?" என்று எழுதியிருக்கிறது. முன்னாள் அதிபர் சுகார்த்தோ என்றார்கள். அரிசிக்குக் கையேந்திய நாட்டை நிமிர்த்தினார், ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் கட்டினார் என்று உடன் வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். லட்சக்கணக்கானவர்கள் கொல்லப்பட்டதாகவும் படித்தேன். ராணுவ ஒழுங்கினால்தான் அந்த நாடு தேறியதா? இந்த இரண்டையும் எப்படிச் சேர்த்துப் புரிந்துகொள்வது? அவரைக் கடைசிவரை யாரும் தண்டிக்கவில்லையே, ஏன்?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

"ராணுவ ஒழுங்கு" என்கிறீர்கள். அதிலிருந்தே தொடங்குகிறேன். சுகார்த்தோவை அவருடைய ராணுவமே ஒருமுறை பதவியிலிருந்து இறக்கியிருக்கிறது. காரணம், கடத்தல் வியாபாரம்.

1921-ல் யோக்யகர்த்தா பக்கத்தில் கெமுசுக் என்ற கிராமத்தில் பிறந்தவர். பெற்றோர் பிரிந்துவிட, உறவினர் வீடுகளில் மாறி மாறி வளர்ந்தார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஒரு சின்ன கிராம வங்கியில் குமாஸ்தா வேலை கிடைத்தது. சைக்கிளில் போகும்போது, வேலைக்கு உடுத்த இருந்த ஒரே நல்ல துணி கிழிந்தது. வேலையும் போயிற்று. 1940-ல் டச்சுக்காரர்களின் காலனிப் படையில் சேர்ந்தார். ஜப்பான்காரர்கள் வந்ததும் அவர்கள் திரட்டிய உள்ளூர்ப் படையில். 1945-ல் சுதந்திரம் அறிவிக்கப்பட்டதும் குடியரசின் படையில். ஐந்து வருடத்துக்குள் மூன்று சீருடை. இதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது, அந்தத் தலைமுறையில் பலரும் அப்படித்தான் வந்தார்கள்.

1950-களின் பிற்பகுதியில் மத்திய ஜாவாவின் திபோநெகோரோ டிவிஷனுக்குத் தளபதி ஆனார். தலைமையிடம் செமராங். ஜகார்த்தாவிலிருந்து வரும் பணம் படையை நடத்தப் போதாது. அவர் அறக்கட்டளைகளைத் தொடங்கினார். சர்க்கரையை சிங்கப்பூருக்கு அனுப்பி பதிலுக்கு அரிசி வாங்கினார். இதில் கூட்டாளிகள் இரண்டு வியாபாரிகள்: லிம் சியோ லியோங், பாப் ஹசன். இந்தப் பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1959-ல் விஷயம் மேலே போனது. பதவியைப் பறித்து, பாண்டுங்கில் ராணுவக் கல்லூரிக்குப் படிக்க அனுப்பினார்கள். என் பார்வையில் அவருடைய அரசியல் பாடம் முழுக்க செமராங்கிலேயே முடிந்துவிட்டது. அரசாங்கக் கணக்குக்கு வெளியே பணம் புரட்டு, உன் ஆட்களுக்குப் படியள, மேலே கேட்டால் ஏழைகளுக்காகச் செய்தேன் என்று சொல்.

1965-க்கு வருவோம். செப்டம்பர் 30 இரவு, இடதுசாரிச் சார்புள்ள சில அதிகாரிகள் ராணுவத்தின் ஆறு ஜெனரல்களைக் கடத்திக் கொன்றார்கள். ஜகார்த்தாவிலேயே முக்கியமான படைப்பிரிவு ஒன்றுக்குத் தலைவராக இருந்த சுகார்த்தோ அந்தப் பட்டியலில் இல்லை. ஏன் இல்லை என்பதை வைத்து இன்றுவரை வாதம் நடக்கிறது. சதிகாரர்களில் ஒருவரான கர்னல் லத்தீஃப், அன்று இரவு ராணுவ மருத்துவமனையில் அவரைப் பார்த்து முன்கூட்டியே சொன்னதாகப் பிறகு கூறினார். சூடான சூப் கொட்டிய தன் கடைசி மகனுக்குத் துணையாக சுகார்த்தோ அங்கே இருந்தார். நான் அந்த வாதத்துக்குள் போகவில்லை. அவருக்குத் தெரிந்ததோ இல்லையோ, மறுநாள் இருட்டுவதற்குள் தலைநகரம் அவர் கைக்கு வந்துவிட்டது.

அதன் பின் சில மாதங்கள் நடந்தது படுகொலை. கம்யூனிஸ்ட் கட்சிக்காரர்கள், விவசாய சங்கத்தார், ஆசிரியர்கள், ஏதோ ஒரு சங்கத்தில் சும்மா கையெழுத்துப் போட்டவர்கள். 5 லட்சம் பேர் என்பது பரவலாக ஏற்கப்படும் மதிப்பீடு, அதற்கு மேலும் சொல்கிறார்கள். நீங்கள் இருக்கும் கிழக்கு ஜாவா மிக மோசமாக அடிபட்ட இடங்களில் ஒன்று. பிரந்தாஸ் ஆற்றில் பிணங்கள் மிதந்து வந்தன. ராணுவம் தூண்டி, ஏற்பாடு செய்துகொடுத்தது. பல இடங்களில் வெட்டியது அதே ஊர் இளைஞர்கள். பிழைத்தவர்களில் ஆயிரக்கணக்கானவர்கள் விசாரணையே இல்லாமல் புரு தீவில் 1979 வரை கிடந்தார்கள். வெளியே வந்தவர்களின் அடையாள அட்டையில் முன்னாள் அரசியல் கைதி என்பதற்கு இரண்டு எழுத்து முத்திரை. அவர்கள் பிள்ளைகளுக்கு அரசு வேலை கிடையாது.

1966 மார்ச் 11 அன்று அப்போதைய அதிபர் சுகர்ணோவிடமிருந்து அதிகாரக் கடிதம் ஒன்றை வாங்கினார். அந்தக் கடிதத்தின் மூலப்பிரதி இன்றுவரை அகப்படவில்லை. 1967-ல் தற்காலிக அதிபர், 1968-ல் முழு அதிபர்.

சரி, அரிசி. உங்கள் நண்பர்கள் சொல்வது பொய்யில்லை. 1966-ல் பணவீக்கம் 600 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. பொருளாதாரம் தெரிந்த பேராசிரியர்களை அழைத்து அவர்கள் சொன்னதைக் கேட்டார், அது பெரிய விஷயம். ஒரு காலத்தில் உலகிலேயே மிக அதிகமாக அரிசி இறக்குமதி செய்த நாடுகளில் ஒன்று 1984-ல் தன்னிறைவு கண்டது. 1973-க்குப் பிறகு கொட்டிய எண்ணெய்ப் பணம் மானிய உரமாகவும் வாய்க்காலாகவும் வயலுக்குப் போனது. அந்தப் பணத்திலேயே சில வருடங்களில் 61,000-க்கு மேற்பட்ட ஆரம்பப் பள்ளிகள் எழுந்தன. புகையான் பூச்சி பயிரை அழித்தபோது, 1986-ல் ஒரே உத்தரவில் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தார். அரசுக் கணக்குப்படி 1976-ல் 40 சதவீதமாக இருந்த வறுமை 1996-ல் 11 சதவீதம்.

ஆனால் இதையெல்லாம் கிராமத்துக்குக் கொண்டுபோன வழியைப் பாருங்கள். ஜகார்த்தாவில் தொடங்கி மாவட்டம், வட்டம் என்று இறங்கி கிராமம்வரை ஒரு ராணுவ ஆள். எந்த ரகம் நடுவது என்பதில் அவன் தலையிடுவான். யார் வீட்டில் கூட்டம் நடந்தது என்பதையும் அவனே மேலே சொல்வான். தேர்தல் வந்தால் சுகார்த்தோவின் ஆளுங்கட்சியான கோல்கருக்கு ஓட்டு விழவைப்பதும் அவன்தான். மற்ற கட்சிகள் தேர்தல் இல்லாத காலத்தில் கிராமத்துக்குள் நுழையவே கூடாது என்பது சட்டம். ஆறு தேர்தல்கள் நடந்தன, ஒன்றில்கூட கோல்கர் 60 சதவீதத்துக்குக் கீழே போகவில்லை. நன்மையும் கொடுமையும் இரண்டு வேறு துறைகள், ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றை விட்டிருக்கலாம் என்பதுதான் அந்த லாரிப் படத்தின் கற்பனை. 1965-ல் விவசாய சங்கத்தைத் துடைத்தெறியாமல் இருந்திருந்தால், எதிர்த்துக் கேட்க ஆளில்லாத அந்தக் கிராமம் அவருக்குக் கிடைத்திருக்காது.

இப்போது அந்த இரண்டு வியாபாரிகள். லிம்முக்கு மாவு ஆலை. அரசாங்கம் கோதுமையை இறக்குமதி செய்து கொடுக்கும், இவர் அரைத்துக் கூலி வாங்குவார். அந்த மாவிலிருந்து நூடுல்ஸ். நீங்கள் அங்கே தினம் பார்க்கும் இண்டோமீ அந்தக் குழுமத்துடையதுதான். கூடவே சிமென்ட், நாட்டின் மிகப் பெரிய தனியார் வங்கி. பாப் ஹசனுக்குக் காடு, ஒட்டுப்பலகை. சுகார்த்தோவின் பிள்ளைகள் வளர்ந்ததும் மூத்த மகளுக்குச் சுங்கச்சாலை, கடைசி மகனுக்கு கிராம்பு ஏகபோகம், அப்புறம் கார். அறக்கட்டளைகளும் செமராங்கிலிருந்து கூடவே வந்தன. அரசு வங்கிகள் லாபத்தில் 2.5 சதவீதத்தை ஏழை மாணவர் உதவிக்கென்று அவருடைய சூப்பர்செமார் அறக்கட்டளைக்குத் தர வேண்டும் என்று 1976-லேயே விதி போட்டார்.

இதில் எனக்கு மிகவும் அருவருப்பானது ஒன்று உண்டு. அங்கே வாழும் சீன வம்சாவளியினரின் பள்ளிக்கூடத்தை மூடினார், அவர்களுடைய பண்டிகையை வெளியே கொண்டாடக் கூடாது என்றார். அதே நேரம் ஒருசில சீன முதலாளிகளை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டார். 1998 மே மாதக் கலவரத்தில் ஜகார்த்தாவில் லிம்மின் வீடும் எரிந்தது உண்மைதான். ஆனால் சாமான்ய சீனர்களின் கடைகள் கொள்ளை போயின, பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் எரிந்த வணிக வளாகங்களுக்குள் சிக்கிய ஏழைகள்.

விழுந்ததும் பணத்தால்தான். 1997 நடுவில் டாலருக்கு ஏறக்குறைய 2,400 ஆக இருந்த ரூபியா, 1998-ல் 16,000-த்தையும் தாண்டியது. ஜனவரி 15 அன்று அவர் குனிந்து கையெழுத்துப் போட, சர்வதேச நாணய நிதியத்தின் தலைவர் கம்தெசு கையைக் கட்டிக்கொண்டு மேலிருந்து பார்க்கும் புகைப்படம் உலகம் முழுக்கப் போனது. அப்போதும் பாடம் மாறவில்லை. மார்ச்சில் ஏழாவது முறை அதிபராகி, மகளை சமூகநல அமைச்சராகவும் பாப் ஹசனை வர்த்தக, தொழில் அமைச்சராகவும் ஆக்கினார்! மே 12 அன்று திரிசக்தி பல்கலைக்கழகத்தில் நான்கு மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மாணவர்கள் நாடாளுமன்றக் கூரையில் ஏறி உட்கார்ந்தார்கள். 21-ந் தேதி ராஜினாமா.

தண்டனை பற்றிக் கேட்டீர்கள். கொலைகளுக்காக அவர்மேல் வழக்கே வரவில்லை. ஊழல் வழக்கு மட்டும் வந்தது. 2000-ல், உடல்நிலை விசாரணைக்குத் தாங்காது என்று நீதிமன்றம் நிறுத்திவிட்டது. அவருக்குப் பின் வந்தவர்களில் பாதிப் பேர் அவரால் வளர்ந்தவர்கள். யார் தோண்டுவார்கள்? 2008 ஜனவரி 27-ல் இறந்து அரச மரியாதையுடன் அடக்கமானார். சூப்பர்செமார் அறக்கட்டளை 4.4 லட்சம் கோடி ரூபியாவைத் திருப்பித் தர வேண்டும் என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 நவம்பரில், அவருடைய முன்னாள் மருமகனான அதிபர் பிரபோவோ அவரை தேசிய வீரராக அறிவித்தார். அதே நாள் அதே பட்டியலில் மர்சினா என்ற தொழிலாளியின் பெயரும் இருந்தது. உங்கள் சுரபாயாவை ஒட்டிய சிதோஅர்ஜோவில் கைக்கடிகாரத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். 1993-ல் கூலி உயர்வுக்காக வேலைநிறுத்தம் செய்தார். உடன் நின்ற தொழிலாளர்களை உள்ளூர் ராணுவ அலுவலகத்துக்கு வரவழைத்து ராஜினாமா எழுதி வாங்கினார்கள். அதைக் கேட்கப் போன மர்சினாவை சில நாள் கழித்துப் பிணமாகத்தான் கண்டார்கள். கொன்றவர் யார் என்று இன்னும் தீர்ப்பாகவில்லை.