கீமோ கேக்குமான்னு ஸ்கேன் முன்னாடியே சொல்லிடுமா?

கேள்வி: டாக்டர் சார் வணக்கம். அம்மாவுக்கு மார்புல கட்டி, ஆபரேஷனுக்கு முன்னாடி சுருக்கணும்னு கீமோ ரெண்டு தடவ ஏத்தியாச்சு, முடி கொட்டிப்போச்சு சோறே எறங்கல. ஸ்கேன் படத்த கம்ப்யூட்டர்ல போட்டா கீமோ கேக்குமா கேக்காதான்னு சொல்லிடுமாம், தம்பி சொல்றான். அத பாத்துட்டு மிச்சத்த போட்டுக்கலாமா? – ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: அதுக்காக கீமோவ தள்ளிப்போடாதீங்க தங்கச்சி, மொதல்ல அது.

தம்பி சொல்றது பொய்யில்ல, ரேடியோமிக்ஸ்னு பேரு. கட்டிக்குள்ள எங்க வெளுப்பு எங்க கருப்பு, ஓரம் எப்படி இருக்குன்னு நம்ம கண்ணுக்குப் பிடிபடாததெல்லாம் கம்ப்யூட்டர் நம்பரா மாத்தி, ஏற்கனவே ட்ரீட்மென்ட் முடிஞ்சவங்களுக்கு கடைசில என்ன ஆச்சுன்னு அதோட சேத்துவச்சு கத்துக்குது. 2014ல நுரையீரல், தலை-கழுத்து புற்றுநோய் வந்த 1,019 பேரோட சிடி ஸ்கேன்ல 440 அளவு எடுத்து யாரு அதிக நாள் இருப்பாங்கன்னு கணிச்சாங்க, பெரிய பேச்சாச்சு. பின்னாடி வேற ஒரு குழு தோண்டிப் பாத்தா, அந்தக் கணிப்புல பெரும்பகுதி வேல செஞ்சது கட்டியோட சைஸுதான்! இன்னொண்ணு, மெஷின் மாறினா, ஸ்லைஸ் (ஸ்கேன்ல உடம்ப துண்டு துண்டா எடுக்கற படம்) தடிமன் மாறினா நம்பரும் மாறிடும். வெளிநாட்டு ஸ்கேன்ல கத்துக்கிட்டத நம்ம ஜனங்க படத்துல போட்டு சோதிக்காம, அத நம்பி ஒரு அம்மாவோட மருந்த முடிவு பண்றதுக்கு எனக்கு சம்மதமில்ல. 100 பேர்ல 70 பேருக்கு கேக்கும்னு அது சொல்லுதுன்னே வச்சுக்குவோம், அம்மா அந்த 70லயா மிச்ச 30லயான்னு அதால சொல்ல முடியாது.

கேக்குமாங்கறதுக்கு ஒரு துப்பு உங்க கையிலயே இருக்கு. பயாப்ஸி (கட்டில இருந்து துளி சதை எடுத்துப் பாக்கற சோதனை) ரிப்போர்ட்ல ஈஆர், பிஆர், ஹெர்2ன்னு இருக்கும் பாருங்க. மொத ரெண்டும் கட்டி ஹார்மோனால வளருதான்னு காட்டும், ஹெர்2ங்கறது கட்டிய வளரவைக்கற ஒரு புரதம். இந்த மூணுமே இல்லாத ட்ரிப்பிள் நெகட்டிவ் வகைக்கும், தனி மருந்து சேத்து குடுக்கற ஹெர்2 பாசிட்டிவ் வகைக்கும் கட்டி முழுசா கரையற வாய்ப்பு ஹார்மோன் வகைய விட அதிகம். எந்த வகைன்னு டாக்டர்கிட்ட கேளுங்க, இதுவரைக்கும் கட்டி எவ்ளோ சுருங்கியிருக்குன்னும் கேளுங்க.

சோறு எறங்கலன்னா வாந்தி மாத்திரைய மாத்தித் தருவாங்க, வாய்விட்டு சொல்லணும். காய்ச்சல் 100.4 தொட்டா விடியட்டும்னு இருக்காதீங்க, ராத்திரியோட ராத்திரியா தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போயிடுங்க, கீமோ ஏத்துனவங்கன்னு மறக்காம சொல்லுங்க.

அப்புறம், ஸ்கேன் எடுத்தா ஃபிலிம் மட்டும் வாங்கிட்டு வராதீங்க, படம் பதிஞ்ச கம்ப்யூட்டர் தட்டும் (CD) கேட்டு வாங்குங்க. முடிஞ்சா அடுத்த ஸ்கேனும் அதே சென்டர்லயே எடுங்க, அப்பதான் பழசையும் புதுசையும் சரியா ஒப்பிட முடியும்.