நல்ல துணி முழங்காலுக்குப் பின்னால் இருக்கிறது

கேள்வி: அம்மா, என் கணவர் 22 வருடம் லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்ந்துவிட்டார். காக்கி பேண்ட், சட்டை பதினொன்று, தோல் கையுறை, சேஃப்டி ஷூ, ஹெல்மெட் எல்லாம் மூட்டையாகப் பரணில் கிடக்கின்றன. தூக்கிப் போட மனம் வரவில்லை. வீட்டில் எதற்காவது ஆகுமா?
- வாசகி, சூரமங்கலம்

பதில்: ஆகும். கத்தரிக்கோலை எடுக்குமுன் ஒரு பேண்ட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள். முழங்காலும் பின்புறமும் சல்லடையாகத் தெரியும். முழங்காலுக்குக் கீழே, பின்பக்கம் மட்டும் புதிதாக வாங்கிய அன்று இருந்ததுபோலவே இருக்கும். வேலை தின்னாத இடம் அது. சேலம் குகைப் பகுதியில் முப்பது வருடமாகத் தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கிறேன். கிழிந்த பேண்ட் கைக்கு வந்தால் நான் முதலில் தேடுவது அந்த இரண்டு துண்டுகளைத்தான். இரண்டையும் சேர்த்தால் ஐந்து கிலோ அரிசி தாங்கும் பை. சட்டையின் ஜேபியைப் பிரிக்க வேண்டாம். சுற்றிலும் நான்கு விரல் துணி விட்டு வெட்டி, மூன்று நான்கை வரிசையாகத் தைத்துக் கதவுக்குப் பின்னால் மாட்டுங்கள். கரண்ட் பில், சாவி, ரேஷன் அட்டை எல்லாவற்றுக்கும் இடம் கிடைத்துவிடும்.

லேத் வேலை என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். ஜேபியைப் புரட்டி உதறிவிட்டு ஒரு காந்தத்தால் தடவுங்கள். மடிப்பில் ஒளிந்திருக்கும் இரும்புச் சுருள் குழந்தையின் கையைத்தான் தேடிப் போய்க் குத்தும். எவர்சில்வர் வேலையாக இருந்தால் அந்தப் பொடி பெரும்பாலும் காந்தத்துக்கு மசியாது. தையலைப் பிரித்து உதற வேண்டியதுதான். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்காரர்கள் கூட்டிய தூசியையும் பத்திரப்படுத்துவார்கள். உங்கள் வீட்டுத் தூசிக்கு அந்த யோகமில்லை, போகட்டும். பிறகு வெந்நீரில் சலவைச் சோடா போட்டு ஓர் இரவு ஊற வையுங்கள். வேறு துணிகளோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

எல்லோரும் முதலில் நினைப்பது கரித்துணியைத்தான். நானும் அப்படித்தான் என் வீட்டுக்காரரின் காக்கியைக் கிழித்து அடுப்படியில் போட்டேன். மறுநாள் தோசைக்கல்லை இறக்கினேன். துணி உருகிக் கல்லின் கைப்பிடியிலும் என் கட்டைவிரலிலும் ஒட்டிக்கொண்டது. காக்கி என்று விற்பதில் பாலியெஸ்டர் கலந்த துணிகளும் உண்டு. ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி, அடுப்படிக்கு வரலாம். சுருங்கிக் கடினமான மணியாக உருண்டால் அது கலப்பு. பைக்கும் உறைக்கும் போதும். கலப்புத் துணி தண்ணீரையும் சரியாக உறிஞ்சாது என்பதால் கால்மிதிக்கும் லாயக்கில்லை.

கையுறையின் விரல்களை வெட்டி நாற்காலிக் கால்களுக்கு மாட்டலாம். ஷூவை நம்பாதீர்கள்: பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் அடியாக இருந்தால், பரணில் சும்மா இருந்தாலும் காற்றின் ஈரத்தில் நாளடைவில் பொடிந்துபோகும். ஹெல்மெட்டைப் பேரனின் ஸ்கூட்டருக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அது ஐ.எஸ். 2925 என்ற இந்தியத் தர எண்ணில் வரும் தொழிற்சாலைத் தலைக்கவசம். வண்டிக்கு உரியது ஐ.எஸ். 4151. உங்களிடம் இருப்பதைக் கவிழ்த்துத் தொங்கவிட்டு மணி பிளான்ட் வளர்க்கலாம்.

கேள்வி: காபித் தோட்ட வேலையில் தேய்ந்த பழச்சாக்கு, மழைக்குத் தலையோடு போர்த்தும் கொங்காணி, கம் பூட்ஸ், மருந்தடிக்கும்போது போடும் சட்டை இருக்கின்றன. எதை எதற்கு எடுக்கலாம்?
- வாசகர், நாகலூர், ஏற்காடு

பதில்: மருந்தடித்த சட்டையை எதற்கும் எடுக்க வேண்டாம், தம்பி. எத்தனை முறை துவைத்தாலும் அது உள்ளே குடித்தது முழுக்க வெளியே வந்துவிட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. வீட்டுத் துணியோடு ஒரே வாளியில் போடுவதும் தப்பு.

சணல் சாக்காக இருந்தால் யோகம்தான். செடிக்கு அடியில் விரித்துவிடுங்கள். களையை அமுக்கும், ஈரத்தைக் காக்கும், கடைசியில் தானே மண்ணாகும். உரம் வந்த பிளாஸ்டிக் சாக்கை அப்படி விரித்தால் வெயிலில் நார் நாராக உதிர்ந்து மண்ணைக் கெடுக்கும். கொங்காணி நைந்திருந்தாலும் மடித்து வைத்தால் விறகுக் கட்டுக்குச் சும்மாடு. கம் பூட்ஸின் மேல்குழாயை வெட்டி விரித்தால் களை பறிக்கும்போது முட்டி போட ஒரு விரிப்பு. மிச்சத்தை வெந்நீர் அடுப்பில் மட்டும் போடாதீர்கள். பி.வி.சி. புகை நெஞ்சுக்கு ஆகாது.

கேள்வி: இறந்துபோன மாமனாரின் வேலைச் சட்டைகளை வெட்ட என் மாமியார் விடமாட்டேன் என்கிறார். வீட்டில் இடமும் இல்லை. எப்படிப் புரிய வைப்பது?
- வாசகி, அம்மாப்பேட்டை

பதில்: புரிந்துகொள்ள வேண்டியது நீங்கள்தான், அம்மா. களை எடுக்கவும் நூறு நாள் வேலைக்கும் போகும் பெண்கள் புடவைக்கு மேல் யாருடைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போகிறார்கள்? உங்கள் அத்தைக்கும் ஒன்றை அப்படிச் செய்து கொடுங்கள். காலர் நைந்திருந்தால் பட்டையிலிருந்து பிரித்து, மேல்பக்கம் கீழே வரும்படி திருப்பி, பழைய தையல் தடத்திலேயே ஓட்டுங்கள். கை நீளமாக இருந்தால் இரண்டு விரற்கடை உள்ளே மடித்துத் தைத்தால் போதும். வெட்டிவிடாதீர்கள்.